சுங்கத்தில் மாட்டிய சங்கிலி

போன மாதம் என் மனைவியின் அண்ணன் மகன் துபாயிலிருந்து ஊருக்கு வந்தான். எங்கள் மேல்சித்தாமூர் தேர்த் திருவிழாவை மேலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. அதற்காக அங்கே ஒரு ட்ரோன் வாங்கி, சட்டை துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "மாமா, நீங்க கவர்மென்ட்ல இருந்தவரு, ஏதாவது எழுதிப் போட்டு வாங்க முடியுமா?" என்றான்.

"ரசீதைக் கொடு" என்றேன்.

"அதைக் கோபத்துல அங்கேயே கிழிச்சிப் போட்டுட்டேன் மாமா."

முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவனிடம் இதைவிடக் கொடுமையான வார்த்தையைச் சொல்ல முடியாது. ட்ரோன் போனதற்குக்கூட நான் அவ்வளவு வருத்தப்படவில்லை. வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலேயே தடை போட்டுவிட்டார்கள். ரசீது இருந்திருந்தாலும் அது திரும்பி வந்திருக்கும் என்று உறுதி இல்லை. ஆனால் ரசீது என்பது நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னத்தை எழுதுவது?

இந்த ரசீது விஷயத்தில் எனக்குப் பரம்பரைப் பாடம் உண்டு. என் அப்பா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் 1949இல் முடிந்துபோன பிறகு, புதுச்சேரியைச் சுற்றிச் சாவடிகளும் சோதனைகளும் வந்துவிட்டன. புதுச்சேரியின் எல்லை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அதன் வேடிக்கை புரியும். ஒரு தெரு பிரெஞ்சு, அடுத்த வயல் இந்தியா, அதைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சு. அந்தக் காலத்தில் அப்பா மாமனார் வீட்டுக்குப் போகும்போது கையில் கட்டியிருந்த புது கைக்கடிகாரத்தை ஒரு சாவடியில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். "திரும்பி வரும்போது வாங்கிக்கொள்" என்றார்களாம். திரும்பி வந்தபோது அங்கே வேறு ஆள் இருந்தார். "எந்தக் கடிகாரம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அப்பா சாகும்வரை கைக்கடிகாரம் கட்டவில்லை. "பிரெஞ்சுக்காரன் பிடிச்சா ஒரு பிரசேவெர்பால் எழுதுவான், கையில ஒரு காகிதமாவது இருக்கும்" என்று அடிக்கடி சொல்வார். பிரசேவெர்பால் என்றால் நம்மூர் மகஜர் மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. காகிதம் எழுதாமல் அவர்களுக்குக் கொட்டாவி விடவும் தெரியாது, அவ்வளவே.

நான் படித்ததும் பிரெஞ்சில்தான். சுங்கத்துக்கு அவர்கள் மொழியில் 'துவான்' என்று பெயர். பள்ளியில் எங்கள் ஆசிரியர் ஒருவர், அந்தச் சொல் அரபிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் போனது, நம் 'திவான்' என்ற சொல்லும் அதுவும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று சொன்னார். கணக்குப் புத்தகம் என்ற பொருளிலிருந்து வந்ததாம். நம்மிடமும் பழைய சொல் உண்டு, 'உல்கு'. திருக்குறளிலேயே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் பொதிகளின் மேல் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வந்ததும் எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் வருடம் கழித்தும் ஒரு ராஜாவை இதற்காக நினைவில் வைத்திருக்கிறோம் என்றால், சுங்கம் என்ற பெயரைக் கேட்டால் நம் ஜனங்களுக்கு அடிவயிறு எப்படிக் கலங்கும் என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பத்திரிகைகளில் தினமும் படிக்கிறோம்: "விமான நிலையத்தில் இத்தனை கிலோ தங்கம் பறிமுதல்." அந்தச் செய்தியில் ஒரு பிழை இருக்கிறது. அன்றைக்கு நடந்தது பறிமுதல் அல்ல, கைப்பற்றல். 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. 110ஆம் பிரிவின்படி, இந்தப் பொருள் பறிமுதலுக்கு உரியது என்று அதிகாரிக்கு நியாயமான நம்பிக்கை இருந்தால் கைப்பற்றலாம். அப்போது பொருள் அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். உரிமை இன்னும் உங்களுடையதே. பிறகு 124ஆம் பிரிவின்படி, ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று கேட்டு உங்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுத்தில் பதில் சொல்லலாம், நேரில் போய்ப் பேசலாம். அதற்குப் பிறகு ஓர் அதிகாரி உத்தரவு போட்டால்தான் அது பறிமுதல். 126ஆம் பிரிவின்படி அந்த நிமிடத்திலிருந்துதான் பொருள் மத்திய அரசுக்குச் சொந்தம்.

இன்னொன்று. கைப்பற்றி ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தராவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்து இன்னும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் ஒன்றும் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. நான் பல சட்டப் புத்தகங்களை வேலைக்காகப் புரட்டியிருக்கிறேன். இதில் சாதாரண மனிதனுக்கு இருக்கும் வாசல்கள் அதிகம்தான். ஆனால் அந்த வாசல்கள் எல்லாம் ஒரே ஒரு கையெழுத்தில் மூடிக்கொள்ளும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கை 1972இல் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவள். மாப்பிள்ளை பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. 1998இல் அம்மா காலமானபோது, அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியும் நான்கு வளையல்களும் பெண் பிள்ளைக்கு என்று அவளிடம் கொடுத்தோம். 13 பவுன். அவள் அதைப் பாரீசுக்கு எடுத்துப் போனாள். 2018 டிசம்பரில் என் பேத்திக்குக் கல்யாணம். "அம்மா கழுத்துல இருந்தது, உன் பேத்தி கழுத்துல இருக்கட்டும் அண்ணே" என்று அந்த நகைகளைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பச்சை வழியில் நடந்து வந்தவளை நிறுத்தினார்கள். கழற்றச் சொன்னார்கள். எடை போட்டார்கள். உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு காகிதங்களில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்று ரசீது. இன்னொன்று என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆங்கிலம் 'தேங்க் யூ'வுக்கு மேல் போகாது. 14 மணி நேரம் பயணம் செய்து வந்த 65 வயதுப் பெண்பிள்ளை. வெளியே நாங்கள் மாலையோடு நிற்கிறோம். போடு என்றால் போடத்தானே செய்வாள்?

அந்த இரண்டாவது காகிதத்தை அப்புறம் நான் படித்துப் பார்த்தேன். "எனக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் வேண்டாம், நேர்முக விசாரணையும் வேண்டாம், வாய்மொழியாகச் சொன்னதே போதும்" என்று அவளே கேட்டுக்கொண்டதாக அதில் இருந்தது. அதாவது ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும் என்ற பெரிய பாதுகாப்பை, என்னவென்றே தெரியாமல், அவள் தன் கையால் வெட்டிவிட்டாள். மார்ச் மாதமே உத்தரவு வந்துவிட்டது.

கல்யாணத்தன்று பேத்தி கழுத்தில் அந்தச் சங்கிலி இல்லை. தங்கை மணமேடைக்குப் பக்கத்தில் வரவேயில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். கடத்தல்காரியைப் பார்ப்பது போல் சிலர் பார்த்தார்கள் என்று இன்றுவரை சொல்கிறாள்.

இந்தச் சம்பவத்தில் அதிகாரியின் மேல் மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. நானும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். நாள் முழுக்கப் பொய் கேட்டுக் கேட்டு, உண்மை சொல்பவனையும் பொய்யனாகப் பார்க்கும் வியாதி எங்களுக்கு வந்துவிடும். பசையாக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வருகிறான், மிக்ஸி மோட்டாருக்குள் உருக்கி ஊற்றிக் கொண்டுவருகிறான். தங்கமும் கைக்கடிகாரமும் பிடிபட்டால், கடத்தியது இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பை 123ஆம் பிரிவு வைத்திருப்பவன் தலையிலேயே போடுகிறது. அரசாங்கம் சும்மா அப்படி எழுதவில்லை. 1968ஆம் ஆண்டு தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்த நாட்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு அலுவலக வேலையாகப் போனால் பர்மா பஜாரில் ஒரு சுற்று சுற்றாமல் வந்ததில்லை. "கஸ்டம்ஸ்ல பிடிச்ச சாமான் சார், ஏலத்துல எடுத்தது" என்று சொல்லித்தான் டேப் ரெக்கார்டரை விற்பார்கள். ஏலமாவது ஒன்றாவது! நாமும் தெரிந்துகொண்டே வாங்கினோம். அதனால் கடத்தல் என்றால் காறித் துப்பும் தகுதி நம்மில் பலருக்கு இல்லை.

ஆனால் என் தங்கை தவறு எங்கே செய்தாள் என்று நிதானமாகப் பார்த்தால், மூன்று இடங்கள் தெரிகின்றன. முதலாவது, 1998இல் நகையை எடுத்துப் போகும்போதே சுங்கத்தில் காட்டி, ஏற்றுமதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். இங்கிருந்து எடுத்துப் போன நகைதான் திரும்பி வருகிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இப்படி ஒன்று இருப்பது நூற்றில் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மா செத்த துக்கத்தில் போகிறவள் கவுன்டரில் நின்று சான்று கேட்பாளா? இரண்டாவது, பச்சை வழியில் வராமல் சிவப்பு வழியில் போய், "இதோ போட்டிருக்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டத்தில் 80ஆம் பிரிவு என்று ஓர் அருமையான பிரிவு உண்டு. உண்மையாக அறிவித்த பயணி கேட்டுக்கொண்டால், பொருளை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் நாட்டை விட்டுப் போகும்போது திருப்பிக் கொடுக்கலாம். அபராதப் பேச்சுக்கே இடமில்லை. கழுத்தில் வெளியே தெரியப் போட்டிருக்கும் சங்கிலியை 'அறிவிக்க' வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது. மூன்றாவது அந்தக் கையெழுத்து.

அப்போது நடப்பில் இருந்தவை 2016ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிகள். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை வரியில்லாமல். ஆனால் மதிப்பு ஆணுக்கு 50,000, பெண்ணுக்கு 1,00,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விதி எழுதிய நாளில் கணக்கு ஏறக்குறைய சரியாக இருந்தது. ஒரு லட்சத்துக்கு நாற்பது கிராம் பக்கத்தில் வந்தது. அப்புறம் தங்கம் எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். எடையையும் போட்டு விலையையும் போட்டு விதி எழுதினால், வருடா வருடம் அந்த விதி தானாகவே இறுகிக்கொண்டே வரும். விதியை எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார், சுருக்கு மட்டும் இருக்கும்.

மேல்முறையீட்டை நானே எழுதினேன். ஆணையர் மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு 60 நாளுக்குள் போட வேண்டும். தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 30 நாள் பொறுப்பார்கள். விதித்த அபராதத்தில் ஏழரை சதவீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும். என் ஆங்கிலம் முப்பது வயதுக்கு மேல் கோப்புகளில் கற்றுக்கொண்ட ஆங்கிலம். பத்திரப்பதிவில் பிரெஞ்சுக் காலத்து ஆவணங்களைப் படித்துச் சொல்லிக் காலம் கழித்தவனுக்கு, "கீழ்க்கண்டவாறு பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் எந்த மொழியிலும் வரும். அத்தாட்சிக்குத் தங்கையின் 1972 கல்யாணப் படத்தை இணைத்தேன். கறுப்பு வெள்ளை. அம்மா கழுத்தில் அதே இரட்டைவடம். 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பையும் காட்டினேன். வெளிநாட்டில் குடியிருக்கும் ஒரு பெண், ஒரு கோடிக்கு மேல் மதிப்புள்ள தன் நகைகளோடு வந்த வழக்கு அது. சுற்றுலாப் பயணியின் சொந்த உபயோக நகை என்று அவருக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனால் அது பழைய 1998ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வந்தது என்று நம் வழக்கில் ஒதுக்கிவிட்டார்கள். படத்தில் இருப்பதும் உறையில் இருப்பதும் ஒரே சங்கிலிதான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் எழுதினார்கள். அபராதத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். பறிமுதல் நிற்கும் என்றார்கள்.

பறிமுதல் ஆகிவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். 125ஆம் பிரிவு இருக்கிறது. பறிமுதலுக்குப் பதிலாக மீட்புத் தொகை கட்டிப் பொருளை மீட்கலாம். தடை செய்யப்பட்ட பொருள் என்றால் அந்த வாய்ப்பைக் கொடுப்பது அதிகாரி விருப்பம். மற்றப் பொருள் என்றால் கொடுத்தே ஆக வேண்டும். மீட்புத் தொகை, சந்தை விலையிலிருந்து வரியைக் கழித்தால் வரும் தொகையைத் தாண்டக் கூடாது. 120 நாளுக்குள் கட்டாவிட்டால் வாய்ப்புப் போய்விடும், வழக்கு நிலுவையில் இருந்தால் தவிர. பிரான்சிலும் துவான்காரர்களோடு இப்படிப் பணம் கட்டிச் சமாதானமாகப் போகும் முறை உண்டு, 'திரான்சாக்சியோன்' என்பார்கள் என்று தங்கை மகன் சொன்னான்.

எங்களுக்கு இரண்டு வழி சொன்னார்கள். வரியும் கட்டி உள்ளே எடுத்து வரலாம். அப்போது பேக்கேஜ் வரி 38.5 சதவீதம், மூன்று லட்ச ரூபாய் நகைக்கு வரி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். இல்லையென்றால் மீட்புத் தொகையும் அபராதமும் மட்டும் கட்டி, திரும்ப வெளிநாட்டுக்கே எடுத்துப் போகலாம். ஓய்வூதியக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டாவதைத்தான் எடுத்தோம். அதற்கே ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. 2019 நவம்பரில் தங்கை வந்து, திரும்பும் நாளில், விமானம் ஏறப்போகும் இடத்தில் உறையைக் கொடுத்தார்கள். அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு குன்றிமணி குறையவில்லை. ஆனால் புதுச்சேரியில் ஓர் ஆசாரி செய்த சங்கிலி, செஞ்சிப் பக்கத்தில் இருக்கும் பேத்தி கழுத்துக்கு வராமல், பதினொரு மாதம் இரும்புப் பெட்டியில் கிடந்துவிட்டு மறுபடி பாரீசுக்கே போய்விட்டது. செஞ்சிக் கோட்டையை 1750இல் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தான் என்று பள்ளியில் பெருமையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். 13 பவுனை உள்ளே கொண்டுவர எங்களால் முடியவில்லை.

இதற்குள் காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த புது மணப்பெண் ஒருவரிடம் 2023 டிசம்பரில் சென்னை விமான நிலையத்தில் 11 பவுன் தாலிச் சங்கிலியைக் கழற்றி வாங்கிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2025 தொடக்கத்தில் நகையைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். உடம்பில் அணிந்து வருவதும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் ஒன்றல்ல என்று அதில் சொன்னார். அதே ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றம், அச்சடித்த படிவத்தில் 'நோட்டீஸ் வேண்டாம்' என்று கையெழுத்து வாங்குவது சட்டப்படி செல்லாது என்று கண்டித்தது. இதைப் படித்த அன்று தங்கைக்குப் போன் போட்டேன். "ஏழு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே" என்றாள்.

மீட்காமல் விட்ட பொருள்கள் என்ன ஆகின்றன என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. பறிமுதலான தங்கம் உருக்குவதற்கு அரசாங்க நாணயச் சாலைக்குப் போகிறது. மற்றவை இணையவழி ஏலத்தில் போகின்றன. காலாவதியான மருந்தும், எச்சரிக்கைப் படம் இல்லாத சிகரெட்டும் எரியூட்டப்படும். இதெல்லாம் காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடப்பில் சாமான் கிடங்கில் கிடக்கும். கிடப்பதுதான் பெரிய ஆபத்து.

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகம் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நான் அன்று ராத்திரி பிரெஞ்சுச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். 2013இல் வந்த ஒரு கப்பலின் சரக்கு, சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். 2014இல் 12ஆம் எண் கிடங்கில் இறக்கி வைத்தார்கள். சுங்க அதிகாரிகள் அதை அப்புறப்படுத்தச் சொல்லி நீதிபதிக்குப் பலமுறை கடிதம் எழுதியிருக்கிறார்கள். கடிதம் போயிற்று, பதில் வந்தது, கோப்பு நகர்ந்தது, சரக்கு நகரவில்லை. 200 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு குமாஸ்தாவாக எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. 'நினைவூட்டுக் கடிதம் அனுப்பப்பட்டது' என்று குறிப்பெழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன நாட்கள் எனக்கும் உண்டு.

அடுத்த இரண்டு நாளில் நம் செய்தித்தாள்களில் வந்தது: சென்னை மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் அதே சரக்கு 697 டன், 37 கன்டெய்னர்களில். 2015இல் கரூர் நிறுவனம் ஒன்று தென் கொரியாவிலிருந்து தருவித்த 740 டன், சுங்கத்துறை கைப்பற்றியது, அந்த ஆண்டு மழையில் கொஞ்சம் கெட்டுப்போனது, மீதி ஐந்து வருடமாக அங்கேயே இருந்தது. கிடங்குக்குக் கொஞ்ச தூரத்தில் வீடுகள். வழக்கு நடந்தது, ஏலம் நடந்துகொண்டிருக்கிறது, பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதியே முதல் கன்டெய்னர்கள் ஐதராபாத்துக்குக் கிளம்பிவிட்டன. ஐந்து வருடம் நகராதது ஐந்து நாளில் நகர்ந்தது. முடியாத காரியமாக இருந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா?

இதற்கும் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. கெட்டுப்போகக் கூடிய, ஆபத்தான, விலை சரியக் கூடிய பொருள்களை வழக்கு முடியும்வரை வைத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் எழுதி, படம் எடுத்து, மாதிரி எடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் சான்று வாங்கிவிட்டு அப்புறப்படுத்தலாம். துறைமுகத்தில் இறங்கி 30 நாளுக்குள் யாரும் எடுக்காத சரக்கையும் உரியவருக்கு நோட்டீஸ் கொடுத்து விற்கலாம். செலவு, கப்பல் கூலி, வரி, கிடங்கு வாடகை எல்லாம் போக மிச்சம் இருந்தால் சரக்குக்காரருக்குத் தர வேண்டும் என்று 150ஆம் பிரிவு சொல்கிறது. மிச்சம் வாங்கியவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. வாசகர்களில் யாராவது இருந்தால் தெரிவிக்கவும்.

என் அபிப்பிராயம் இதுதான். பிடிக்கட்டும். சந்தேகப்பட்டால் எடுத்து வைக்கட்டும். ஆனால் சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் கோவையிலும் இறங்கும் பயணியிடம் கொடுக்கும் காகிதம் தமிழில் இருக்க வேண்டும். வங்கிப் பணப் படிவம் தமிழில் இருக்கிறது, ரேஷன் கார்டு தமிழில் இருக்கிறது, 13 பவுனைக் கழற்றும் காகிதம் மட்டும் ஏன் இல்லை? அந்தக் காகிதத்தின் தலைப்பிலேயே, "இது கைப்பற்றல் ரசீது, உங்கள் உரிமை போகவில்லை, இத்தனை நாளுக்குள் நோட்டீஸ் வரும்" என்று மூன்று வரி கொட்டை எழுத்தில் போடட்டும். 80ஆம் பிரிவை ஒரு பலகையில் எழுதி, சிவப்பு வழிக்கும் பச்சை வழிக்கும் நடுவில் மாட்டட்டும். இந்தச் செலவு ஓர் அபராதத் தொகைக்குள் அடங்கிவிடும். 'நோட்டீஸ் வேண்டாம்' என்ற காகிதத்தையோ, உறவினரோ வழக்கறிஞரோ பக்கத்தில் இல்லாத நேரத்தில், நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கியவரிடம் நீட்டவே கூடாது.

அந்தத் துபாய்ப் பையனிடம், விமான நிலையச் சுங்க அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட் நகல், விமானச் சீட்டு, தேதி எல்லாம் இணைத்து, ரசீது தொலைந்துவிட்டது என்று நகல் கேட்டு எழுதச் சொன்னேன். கிழித்தேன் என்று எழுதாதே, தொலைந்தது என்று எழுது என்றேன். அந்த அளவு பொய்யை இறைவன் மன்னிப்பான்.

பேத்திக்கு இப்போது பெண் குழந்தை. வருகிற தை மாதம் காது குத்தல். தங்கை போன வாரம் போனில், "அண்ணே, இந்தத் தடவை அம்மா சங்கிலியைக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள். பழைய உத்தரவு, மீட்புத் தொகை கட்டிய ரசீது, 1972 படம் மூன்றையும் பேரன் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டான். சிவப்பு வழியில் வா, நானும் வெளியே நிற்கிறேன், எதில் கையெழுத்துக் கேட்டாலும் முதலில் எனக்குப் போன் போடு என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.